போர்ப் படப் புதிர்: புதிதாக ஆட வருகிறவர்களுக்கு

ஒருவர் பழைய போர்க்காலப் படம் ஒன்றைக் காட்டுவார். ஒரு டாங்கியின் பின்பாதி, பனி மூடிய தெரு, மூன்று சிப்பாய்கள். "என்ன வண்டி? எந்தப் படை? எந்த வருஷம்?" என்று கேட்பார். மற்றவர்கள் பார்த்து, யோசித்து, வாதாடிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர் அடுத்த படத்தைக் கொண்டுவர வேண்டும். ராணுவ வரலாற்று ஆர்வலர்களிடையே நடக்கும் படப் புதிர் மொத்தமும் இவ்வளவுதான்.

புதியவர்கள் பெரும்பாலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அரைகுறையாகத் தெரியும் ஒரு சக்கரத்தைப் பார்த்தே வண்டியின் பெயர், வகை, காலம் எல்லாவற்றையும் ஒருவர் கடகடவென்று சொல்வதைக் கேட்டால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். உண்மையில் அவர் எதையும் பெரிதாக மனப்பாடம் செய்திருக்க மாட்டார். எதை முதலில் பார்ப்பது, எதை எண்ணுவது, எதை நம்பாமல் இருப்பது என்று பழகியிருப்பார். பெயரைச் சொல்வதில் கிடைப்பது பாதி மகிழ்ச்சி. எதை வைத்துச் சொன்னோம் என்று காட்டுவதில்தான் மீதி இருக்கிறது.

இது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றினாலும், போர்க்காலத்தில் இந்தத் திறமை இல்லாததால் உயிர்கள் போயிருக்கின்றன. பிரிட்டன் போரில் இறங்கி மூன்றே நாளில், 1939 செப்டம்பர் 6 அன்று, ஸ்பிட்ஃபயர் விமானங்கள் சொந்தப் படையின் ஹரிக்கேன்களையே எதிரி என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தின. 1941 மே 24 அன்று பிரிட்டனின் ஹூட் கப்பல் பிஸ்மார்க்கைச் சுடுவதாக நினைத்து முதலில் குறிவைத்தது பிரின்ஸ் ஆய்கன் என்ற வேறொரு ஜெர்மன் கப்பலை. அந்த இரண்டு ஜெர்மன் கப்பல்களுக்கும் ஒரே மாதிரி உருவம், அளவில்தான் வித்தியாசம். சில நிமிடங்களில் ஹூட் வெடித்து மூழ்கியது. அதில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்று பேர். இரண்டு நாள் கழித்து ஆர்க் ராயல் கப்பலிலிருந்து கிளம்பிய ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள், பிஸ்மார்க் என்று நினைத்து, தங்கள் கப்பலான ஷெஃபீல்டின் மீதே டார்பிடோ வீசின. பிஸ்மார்க்குக்கு ஒரு புகைபோக்கி, ஷெஃபீல்டுக்கு இரண்டு. மோசமான வானிலையில், அவசரத்தில், யாரும் எண்ணவில்லை. நல்ல வேளையாக ஒரு டார்பிடோவும் படவில்லை.

இதனால்தான் இரு தரப்பும் அடையாளம் காணும் பயிற்சியைப் பெரிதாக எடுத்துக்கொண்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரக் கேட்டது. எல்லாம் 1:72 அளவில். அப்போது சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை இன்றைக்கும் நமக்கு உதவும்: இறக்கை, எஞ்சின், உடல், வால். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதல் படி: ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லாப் போரும், எல்லா ஆயுதமும் என்று ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். இரண்டாம் உலகப் போரின் டாங்கிகள், அல்லது அதே போரின் ஒற்றை எஞ்சின் போர் விமானங்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். அதிகம் கேட்கப்படுவதும் அவைதான். கப்பல்கள் கொஞ்சம் கடினம். துப்பாக்கிகள் எளிது, ஆனால் படத்தில் தெளிவாகத் தெரிவது அரிது.

இரண்டாம் படி: உருவத்தைப் பாருங்கள், பிறகு எண்ணுங்கள்

புதியவர் படத்தைப் பார்த்ததும் கண் போவது அதில் எழுதியிருக்கும் எண்ணுக்கோ கொடிக்கோதான். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் மொத்த உருவம். கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு நிழலாகப் பார்த்தால் போதும்.

டாங்கி என்றால் சக்கரங்களை எண்ணுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பயனுள்ள பழக்கம் கிடையாது. பீரங்கி பொருத்திய சுழலும் கோபுரத்தை மாற்றுவார்கள், பீரங்கியை மாற்றுவார்கள், பக்கவாட்டில் தகடு மாட்டுவார்கள். அடியில் ஓடும் சக்கர அமைப்பை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஒரு பக்கத்தில் எட்டுச் சிறிய சக்கரங்கள், மேலே சங்கிலியைத் தாங்கும் நான்கு உருளைகள் என்றால் ஜெர்மனியின் பன்ஸர் நான்கு. ஆறு சக்கரம், மூன்று உருளை என்றால் பன்ஸர் மூன்று. அதே ஆறு சக்கரம் இருந்து மேலே சுழலும் கோபுரம் இல்லையென்றால், பன்ஸர் மூன்றின் அடித்தளத்தில் செய்த ஸ்டுக் மூன்று. (பன்ஸர் மூன்றின் ஆரம்ப வகைகள் சிலவற்றில் எட்டுச் சக்கரம் உண்டு. அந்தப் படம் கையில் கிடைத்தவர் அதைக் கட்டாயம் புதிராகப் போடுவார், தயாராக இருங்கள்.)

ஐந்து பெரிய சக்கரங்கள், மேல் உருளையே இல்லை, எல்லாப் பக்கமும் சரிந்த தகடு என்றால் சோவியத் டி-34. ஐந்து பெரிய சக்கரம் இருந்தும் கோபுரம் பெட்டி மாதிரி, பெரிய பெரிய போல்ட் தலைகளோடு இருந்தால் பிரிட்டனின் குரோம்வெல். சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெருக்கமாகத் தெரிந்தால் டைகர் அல்லது பாந்தர். பக்கமெல்லாம் செங்குத்தாக இருந்தால் முதலாம் டைகர், முன்பக்கம் நன்றாகச் சரிந்திருந்தால் பாந்தர். இரண்டிரண்டாகக் கட்டிய மூன்று சக்கரத் தொகுதிகள் என்றால் அமெரிக்க ஷெர்மன் குடும்பம். அங்கே தொகுதிகளுக்கு நடுவே இடைவெளி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் எம்4ஏ4. ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்து அதில் வைத்ததால் உடலையே நீட்ட வேண்டியிருந்தது. இப்படிக் காரணத்தோடு தெரிந்துகொண்ட வித்தியாசம் மறக்காது.

விமானத்தில் எண்ண வேண்டியவை எஞ்சின்களும் வால் துடுப்புகளும். நான்கு எஞ்சின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், ஒற்றைப் பெரிய வால் என்றால் பி-17. இரட்டை நீள்வட்ட வால் என்றால் பி-24. இரண்டு எஞ்சினில் இரட்டை வால் பி-25, ஒற்றை வால் பி-26. போர் விமானங்களில் இறங்கு சக்கரம் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பது பெரிய துப்பு. ஸ்பிட்ஃபயரிலும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இலும் சக்கரங்கள் வெளிப்பக்கம் மடங்கும், அதனால் தரையில் நிற்கும்போது கால்கள் நெருங்கியிருக்கும். ஹரிக்கேனிலும் ஃபோக்-வுல்ஃப் 190இலும் உள்பக்கம் மடங்கும், கால்கள் அகன்று நிற்கும்.

மூக்கு மட்டும் தெரியும் படமா? புகைக்குழாய்களின் வரிசையைப் பாருங்கள். பிரிட்டனின் மெர்லின் எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்திருக்கும்; புகைக்குழாய்கள் மூக்கின் மேல்பகுதியில் வரும். ஜெர்மன் டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டது. குழாய்கள் கீழே இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே ஸ்பிட்ஃபயரையும் 109ஐயும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

கப்பலில் புகைபோக்கி, பீரங்கிக் கோபுரம், பாய்மரம் போன்ற கம்பங்கள், இந்த வரிசை. ஆனால் எண்ணிக்கையையும் முழுதாக நம்ப முடியாது. 1914இல் எம்டன் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிதான். அதன் மாலுமிகள் போலியாக நான்காவதை நிறுத்தி, நான்கு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் கப்பல் போலத் தோற்றம் காட்டினார்கள். அந்த வேஷத்தோடுதான் அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது.

மூன்றாம் படி: குறிகளை வைத்துக் காலத்தைக் கணியுங்கள்

"எந்த வருஷம்?" என்ற கேள்விக்கு வண்டியின் பெயர் போதாது, அது பல வருஷம் ஓடியிருக்கும். அதன்மேல் வரைந்த குறிகள்தான் காலத்தைக் குறுக்கும். அமெரிக்க விமானங்கள் இதற்கு மிக நல்ல உதாரணம். போரின் தொடக்கத்தில் அவற்றின் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்புகிறது என்று 1942 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். 1943 ஜூன் இறுதியில் நட்சத்திரத்தின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன, சுற்றிலும் சிவப்புக் கோட்டோடு. சில மாதங்களிலேயே அந்தச் சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. 1947இல் பட்டைகளுக்கு நடுவே சிவப்புக் கோடு வந்தது. ஆக, நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தாலே வருஷத்தில் பாதி வேலை முடிந்தது.

இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஐந்து, அதாவது மூன்று வெள்ளை இரண்டு கறுப்பு, சுற்றியிருந்தால் 1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்தை ஒட்டியது. தென்கிழக்கு ஆசியாவில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டக் குறியில் சிவப்பு இருக்காது. காரணம் மேலே சொன்ன அதே ஜப்பானியக் குழப்பம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை எப்படி அறிவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இங்கேதான் பலர் வழுக்குவார்கள். அந்தக் காலத்துப் படச்சுருளில் ஒரு வகை சிவப்பை உணராது. ஆர்த்தோகுரோமாட்டிக் என்று அதற்குப் பெயர். அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், மஞ்சள் எதிர்பார்ப்பதைவிட அடர்ந்தும், நீலம் வெளிறியும் விழும். முதல் உலகப் போரில் பிரெஞ்சு வட்டக் குறிக்கு நடுவில் நீலம், வெளியே சிவப்பு. பிரிட்டிஷுக்கு அப்படியே மாறி. எது இருட்டாகத் தெரிகிறது என்று பார்த்தால் நாடு தெரியும், ஆனால் எந்தச் சுருள் என்று தெரியாமல் பார்த்தால் தலைகீழாகச் சொல்லிவிடுவீர்கள். வானம் வெள்ளை வெளேரென்று இருந்து, உதடுகள் கறுத்திருந்தால் அந்தச் சுருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காம் படி: ஆட்களை மறக்காதீர்கள்

இயந்திரப் பிரியர்கள் சிப்பாய்களைக் கவனிப்பதே இல்லை. தலைக்கவசம் மட்டுமே நாட்டைச் சொல்லிவிடும். கவிழ்த்த தட்டுப் போல அகன்ற விளிம்பு என்றால் பிரிட்டிஷ் பாணி. உச்சியில் முன்பின்னாக ஓடும் முகடு என்றால் பிரெஞ்சு ஏட்ரியன். காதை மூடி இறங்கினால் ஜெர்மன். ஆனால் 1942 தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் போரிட்ட அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் பாணித் தலைக்கவசத்தோடுதான் இருந்தார்கள். வட்டமான எம்1 அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. ஜெர்மன் தலைக்கவசம் அணிந்த கிழக்காசிய முகங்களைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். 1937இல் ஷாங்காயில் ஜப்பானை எதிர்த்த சீன அரசுப் படைகளில், ஜெர்மன் ஆலோசகர்கள் பயிற்றுவித்த பிரிவுகள் அதைத்தான் அணிந்தன.

ஐந்தாம் படி: ஏமாற்றும் படங்களைத் தெரிந்துவையுங்கள்

நல்ல புதிர் போடுகிறவர்கள் வேண்டுமென்றே இந்தப் பக்கம்தான் வருவார்கள். ஒன்று, கைமாறிய ஆயுதம். ஜெர்மானியர்கள் பிரெஞ்சு டாங்கிகளையும் டி-34களையும் பிடித்துச் சிலுவை வரைந்து ஓட்டினார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் சுவிட்சர்லாந்துச் சிலுவை இருந்தால் அது ஒட்டு வேலை அல்ல. சுவிஸ் படை அவற்றை ஜெர்மனியிடம் வாங்கி, 1940இல் தன் எல்லைக்குள் வந்த ஜெர்மன் விமானங்களோடே மோதியது. அமெரிக்காவில் செய்த ப்ரூஸ்டர் விமானத்தில் ஸ்வஸ்திகாவைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. அது ஃபின்லாந்து. 1918 முதலே வெள்ளை வட்டத்தில் நீல ஸ்வஸ்திகா அவர்கள் விமானப்படையின் குறி, 1945இல்தான் கைவிட்டார்கள்.

இரண்டாவது, இடம் வலம் மாறிய படம். அச்சில் ஏறும்போது திரும்பிப்போன படங்கள் ஏராளம். சாதாரண ரைஃபிளில் தோட்டாவை ஏற்ற இழுக்கும் பிடி வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்டென் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜெர்மன் ராணுவச் சட்டையில் கழுகுச் சின்னம் வல மார்பில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாவது, போர்க்காலப் படமே அல்லாதது. போருக்குப் பிறகு ஸ்பெயினில் 109ஐ மெர்லின் எஞ்சின் வைத்துத் தயாரித்தார்கள். சினிமாக்காரர்களுக்கு அது கொண்டாட்டமாகப் போயிற்று. மூக்கில் புகைக்குழாய் மேலே இருந்து, கீழ்த்தாடை பருத்திருந்தால் அது 1940 அல்ல, படப்பிடிப்பு. போருக்குப் பிந்தைய அமெரிக்க டாங்கிகள் ஜெர்மன் சிலுவையோடு நடித்ததும் உண்டு. சக்கரத்தை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படத்தின் கீழே அச்சான விளக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசென்தால் எடுத்த இவோ ஜிமா கொடியேற்றப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் இருக்கும் ஆறு பேர் யார் என்பதில் தவறு இருந்தது. அமெரிக்க மரைன் படை 2016இலும் 2019இலும் பெயர்களைத் திருத்தியது. பெர்லினில் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி பறக்கும், சோவியத் புகைப்படக்காரர் கால்டேயின் படத்தில் புகையைக் கூட்டி, ஒரு சிப்பாயின் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைச் சுரண்டி எடுத்தார்கள்.

ஆறாம் படி: பதில் சொல்லும் விதம்

பெயரை மட்டும் வீசிவிட்டுப் போகாதீர்கள். தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். இப்படி: "ஒற்றை எஞ்சின், வயிற்றுக்கு அடியில் காற்றுவாய், விமானி அமரும் இடத்தில் குமிழிக் கண்ணாடி, அதனால் அமெரிக்காவின் பி-51 டி. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருப்பதால் 1944 ஜூனில் அல்லது அதற்குப் பிறகு, ஐரோப்பா. எந்தப் பிரிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை." பிரிவின் பெயரைத் தெரிந்த இன்னொருவர் அங்கிருந்து தொடர்வார். பாதிப் பதிலுக்கும் மதிப்புண்டு என்பதைப் புதியவர்கள் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

படத்தைத் தேடுபொறியில் போட்டு விடை எடுப்பது பெரும்பாலான குழுக்களில் தடை. தடை இல்லாத இடத்திலும் செய்யாதீர்கள், ஆட்டமே முடிந்துபோகும். புத்தகத்தைப் புரட்டுவது வேறு விஷயம்; அதில் தேடவே முதலில் என்ன தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டுமே. எதற்கும் ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: உங்கள் முறை வந்தால்

முதல் வெற்றிக்குப் பிறகு பெரிய ஆபத்து, யாராலும் சொல்ல முடியாத படத்தைப் போட்டு அசத்தும் ஆசை. புதர் ஓரத்தில் மங்கலாக ஒரு இரும்புத் துண்டு, விடை தெரிந்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்றால் அது புதிர் ஆகாது. விடைக்குப் போகும் வழி படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு துப்புகளாவது தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படம் எடுக்கப் பெரிய ஆவணக் காப்பகங்களுக்கே போங்கள். 1917இல் தொடங்கிய லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், ஆஸ்திரேலியப் போர் நினைவகம், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் மூன்றிலும் விளக்கத்தோடு படங்கள் கிடைக்கும். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008இல் 80,000க்கும் மேற்பட்ட படங்களைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தது. ஃபின்லாந்து ராணுவம் தன் போர்க்காலப் படங்கள் சுமார் 1,60,000ஐ 2013இல் திறந்துவிட்டது. எனக்குப் பிடித்த சுரங்கம் இதுதான், யாரும் அதிகம் பார்த்திராத படங்கள் அங்கே உண்டு. ஒன்று மட்டும்: ஜெர்மன் படங்களில் போர்க்காலப் பிரச்சார விளக்கமே அப்படியே இருக்கும். விடையாகச் சொல்லுமுன் இன்னொரு இடத்தில் சரிபாருங்கள்.

பிறகு வெட்டுவது. எழுத்தும் எண்ணும் விடையைக் கொட்டிவிடும் என்றால் அவற்றை வெட்டுங்கள், துப்பை வெட்டிவிடாதீர்கள். கோப்பின் பெயரை மாற்ற மறக்க வேண்டாம், வண்டியின் பெயரைத் தாங்கிய கோப்பை அப்படியே அனுப்பிவிட்டு "கண்டுபிடியுங்கள்" என்று காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள்: வகை வேண்டுமா, இடம் வேண்டுமா, நிகழ்ச்சி வேண்டுமா? ஒரு நாள் யாரும் சொல்லாவிட்டால் முதல் உதவித் துப்பு, மறுநாள் இரண்டாவது. முதல் துப்பு காலத்தையோ நாட்டையோ குறுக்கினால் போதும். இரண்டாவதில் தாராளமாக இருங்கள். மூன்றாம் நாளும் மௌனம் என்றால் விடையைச் சொல்லிவிட்டு, விரும்பியவரிடம் முறையைக் கொடுத்துவிடுவது நல்லது.

சில மரியாதைகள்

இறந்தவர்களின் உடல், கைதிகளின் அவமானம், இவை புதிர் ஆகக் கூடாது. முகம் தெரியும் சிப்பாயைக் கிண்டல் செய்யாதீர்கள்; எந்தத் தரப்பாக இருந்தாலும் அவன் வீட்டில் அவன் திரும்பி வரக் காத்திருந்தவர்கள் உண்டு. காயம் ஆறாத சமீபப் போர்களை விட்டுவிடுங்கள், குழுவில் அதை நேரில் அனுபவித்தவர் இருக்கலாம். சின்னங்களைப் பார்த்து எந்த நாடு, எந்த வருஷம் என்று பேசலாம்; அந்தச் சின்னத்தைக் கொண்டாடுகிறவர் வந்தால் ஆட்டத்தை விட்டு அனுப்பிவிட வேண்டியதுதான்.

விடையில் தகராறு வந்தால், அது நிச்சயம் வரும், படம் போட்டவர் தன் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். அதைவிட நல்ல ஆதாரத்தை வேறொருவர் காட்டினால் அவருக்கே புள்ளி. முடிந்ததும் முழுப் படத்தையும், காப்பகத்தின் பெயரையும், படத்தின் எண்ணையும் போட்டுவிடுங்கள். வெட்டாத படத்தில் நீங்களே கவனிக்காத ஏதாவது ஒன்றை யாராவது கண்டுபிடிப்பார்கள், அங்கிருந்து இன்னொரு அரை மணி நேரம் பேச்சு போகும்.